டென்னிஸ் அரங்கை நகர்த்திய தவளை: ஹோம்புஷ் பே நிகழ்வு ஆய்வு

சிட்னி நகரின் மேற்கே ஹோம்புஷ் பே என்ற பகுதியில் ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. 1911-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு அங்கே செங்கல் ஆலை தொடங்கியது. 1988-இல் மூடும்வரை சுமார் 300 கோடி செங்கற்களுக்கான மண்ணை அந்த ஒரே இடத்திலிருந்து தோண்டி எடுத்தார்கள். ஆலை மூடியதும் பள்ளத்தில் மழைநீர் தேங்கியது. ஓரங்களில் கோரை முளைத்தது. சுற்றிலும் இருந்த நிலம் இன்னும் மோசம்: பழைய இறைச்சிக்கூடம், கடற்படையின் வெடிமருந்துக் கிடங்கு, நகரத்துக் குப்பையும் ஆலைக் கழிவும் கொட்டிய மேடுகள். அப்புறப்படுத்தவோ மூடவோ வேண்டியிருந்த கழிவும் கெட்ட மண்ணும் மட்டும் ஏறக்குறைய 90 லட்சம் கன மீட்டர் என்று கணக்கிட்டார்கள்.

காட்டுயிர் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கடைசியாகப் போய்ப் பார்க்கும் இடம் இது. கட்டுமானக்காரர்களுக்கோ நல்ல மனை. ஏற்கெனவே பாழான நிலம், கெடுக்க இனி என்ன இருக்கிறது என்று கேட்கலாம் அல்லவா?

2000-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கை நடத்த சிட்னி விண்ணப்பித்தபோது இந்தப் பகுதியைத்தான் முதன்மை மைதானமாகக் காட்டியது. 1993 செப்டம்பரில் வாய்ப்பும் கிடைத்தது. செங்கல் குழிக்குள் டென்னிஸ் அரங்கு வரும் என்பது அப்போதைய வரைபடம். பள்ளத்தின் சரிவே பார்வையாளர் இருக்கைக்குத் தோதாக இருக்கும் என்று எந்தக் கட்டடக் கலைஞருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் 1990-களின் தொடக்கத்தில், மண்வெட்டி இறங்குவதற்கு முன்பே, அந்தக் குழிக்குள் ஒரு தவளை இருப்பது தெரியவந்தது. ஒன்றிரண்டு அல்ல, இனப்பெருக்கம் செய்யும் ஒரு முழுக் கூட்டம்.

அந்தத் தவளையை ஆங்கிலத்தில் கிரீன் அண்ட் கோல்டன் பெல் ஃபிராக் என்பார்கள். நாம் பச்சைப்பொன் மணித்தவளை என்று வைத்துக்கொள்வோம். பளிச்சென்ற பச்சை முதுகில் தங்கமும் வெண்கலமும் கலந்த திட்டுகள், தொடையின் உட்புறம் நீலம். பெண் தவளை 10 சென்டிமீட்டரையும் தாண்டும். பச்சையும் பொன்னும் ஆஸ்திரேலிய அணிகளின் நிறம் என்பது தற்செயல்தான் என்றாலும், ஒலிம்பிக் நேரத்தில் இதைவிடப் பொருத்தமான விருந்தாளி கிடைத்திருக்காது.

ஒரு காலத்தில் இது தென்கிழக்கு ஆஸ்திரேலியக் கரையோரம் முழுக்க சாதாரணமாகக் கிடைத்தது. கல்லூரி ஆய்வகங்களில் அறுத்துப் பார்க்கவும், வளர்ப்புப் பாம்புகளுக்கு இரையாகப் போடவும் பிடித்துவரும் அளவுக்கு மலிவு. அப்புறம் சில பத்தாண்டுகளுக்குள் பழைய இடங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் காணாமல் போனது. அப்படி அரிதாகிப்போன உயிரின் பெரிய கூட்டங்களில் ஒன்று, யாரும் எதிர்பாராத செங்கல் குழியில் உட்கார்ந்திருந்தது.

பாழ்நிலம் என்பதால் உயிர் இருக்காது என்ற அனுமானம் இந்த இடத்தில்தான் பொய்த்தது. இந்தத் தவளைக்கு வேண்டியது அடர்ந்த காடு அல்ல. வெயில் படும் ஆழமில்லாத குட்டை, அது அவ்வப்போது வற்றி நிறைய வேண்டும், மீன் இருக்கக் கூடாது, பக்கத்தில் கோரையும் ஒளிந்துகொள்ளக் கல்லிடுக்கும் வேண்டும். கைவிட்ட செங்கல் குழியில் இவ்வளவும் தானாக அமைந்துவிட்டன. மனிதர் தோண்டி, மனிதர் மறந்த இடம்தான் அதற்கு வீடு.

தவளை இருப்பது எப்படித் தெரியும்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டுமானத்துக்கு முந்தைய ஆய்வுகளில் பெரும்பாலானவை கோட்டை விடுவது இங்கேதான். பட்டப்பகலில் ஓர் ஆள் மனையைச் சுற்றி நடந்து, நான்கு புகைப்படம் எடுத்து, ‘குறிப்பிடத்தக்க உயிரினங்கள் எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிடலாம். அந்த வாக்கியம் பொய்யல்ல. அவருக்கு எதுவும் தென்படவில்லை என்பது உண்மைதான். அனுமதி வழங்கும் மேசைக்குப் போவதற்குள் ‘காணப்படவில்லை’ என்பது ‘இல்லை’ என்று மாறிவிடுகிறது.

மணித்தவளை வெயில் காயும் பழக்கமுள்ளது, பகலிலும் சில சமயம் தென்படும். ஆனாலும் நம்பத் தகுந்த கணக்கெடுப்பு இரவில்தான், அதுவும் வெப்பமான மாதங்களில், மழை பெய்து ஓய்ந்த நாட்களில். ஆண் தவளையின் குரலை மோட்டார் சைக்கிள் கியர் மாற்றும் சத்தத்துக்கு ஒப்பிடுவார்கள். அந்தக் குரலைப் பதிவுசெய்து குட்டை ஓரத்தில் ஒலிக்கவிட்டால், உள்ளே இருக்கும் ஆண்கள் பதில் குரல் கொடுக்கும். அதன் பிறகு டார்ச் அடித்துக் கரையோரம் தேடுவார்கள். சிறு வலையால் தலைப்பிரட்டைகளை அள்ளிப் பார்ப்பதும் உண்டு. தவளை இருப்பது ஒரு செய்தி, அது அங்கே இனப்பெருக்கம் செய்வது இன்னும் பெரிய செய்தி என்பதால் தலைப்பிரட்டை முக்கியம். ஓர் இரவில் எதுவும் கிடைக்காவிட்டால் முடிவு எழுதிவிட முடியாது. திரும்பத் திரும்பப் போக வேண்டும். குளிர்காலத்தில் போனால் தவளைகள் நிறைந்த குட்டையும் வெறுங்குட்டையாகத்தான் தெரியும்.

கட்டுமான அட்டவணைக்கும் தவளையின் அட்டவணைக்கும் ஒத்துப்போவதில்லை. டெண்டர் குளிர்காலத்தில் முடிந்து அடுத்த மாதமே வேலை தொடங்க வேண்டும் என்றால், கணக்கெடுப்புக்கு உரிய பருவமே கிடைக்காமல் போகும். ஆகவே தரமான ஆய்வுக்கு குறைந்தது ஒரு முழு இனப்பெருக்கப் பருவம் கையில் இருக்க வேண்டும். வௌவாலானாலும் பறவையானாலும் இதேதான், மாதங்கள்தான் மாறும். ஹோம்புஷ் பேயில் 1993 முதலே கண்காணிப்பு தொடங்கியது. போட்டி நடக்க இன்னும் ஏழு ஆண்டு இருந்தது. அந்த ஏழு ஆண்டுதான் இந்தக் கதையின் அடித்தளம்.

சட்டமும் கைகொடுத்தது. நியூ சவுத் வேல்ஸில் அழிந்துவரும் விலங்குகளுக்கான இடைக்காலப் பாதுகாப்புச் சட்டம் 1991-இல்தான் வந்திருந்தது. பட்டியலில் உள்ள ஒரு விலங்கைக் கணிசமாகப் பாதிக்கக்கூடிய வேலை என்றால், விலங்குகள் மீதான தாக்க அறிக்கை ஒன்றைத் தயாரித்தாக வேண்டும். விலங்கைக் கொல்வது மட்டும் குற்றம், அது வாழும் இடத்தை இடிப்பது வேறு கணக்கு என்ற பழைய வாதம் அதன் பிறகு எடுபடவில்லை. மணித்தவளை பட்டியலில் இருந்தது. செங்கல் குழிக்கும் அறிக்கை எழுதப்பட்டது. சிட்னி தன் விண்ணப்பத்தில் ‘பசுமை ஒலிம்பிக்’ என்று வேறு வாக்குக் கொடுத்திருந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, பட்டியலில் உள்ள தவளையின் மேல் டென்னிஸ் அரங்கைக் கட்டினால் எப்படி இருக்கும் என்று அதிகாரிகள் யோசித்திருப்பார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நல்ல முடிவுக்கு வெட்கமும் ஒரு காரணமாக இருந்துவிட்டுப் போகட்டுமே.

எதை நகர்த்துவது

தவளை இருப்பது உறுதியானதும் இரண்டு வழிகள் இருந்தன. தவளைகளைப் பிடித்து வேறிடத்தில் விடுவது ஒன்று. அரங்கை வேறிடத்துக்குக் கொண்டுபோவது மற்றொன்று. முதல் வழி கேட்பதற்கு எளிது, பார்ப்பவருக்கும் அழகு. கையுறை போட்ட ஆட்கள் தவளையை வாளியில் எடுத்துப் போகும் படம் யாருக்குத்தான் பிடிக்காது?

ஹோம்புஷ் பேயில் அரங்கை நகர்த்தினார்கள். டென்னிஸ் மையம் அதே ஒலிம்பிக் பூங்காவில் வேறோர் இடத்தில் கட்டப்பட்டது. குழி குழியாகவே நின்றது.

இது ஏன் சரியான முடிவு என்று புரிய, கடலுக்கு அப்பால் நியூசிலாந்தில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தென் தீவின் மேற்குக் கரையில் ஸ்டாக்டன் என்ற நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. அங்கே மவுண்ட் அகஸ்டஸ் என்ற மலைமுகட்டில் ஒரு நத்தை வாழ்ந்தது. மண்புழுவைத் தின்னும் மாமிச நத்தை, பெயர் பவெலிஃபாண்டா அகஸ்டா. உலகத்திலேயே அந்த ஒரே முகட்டில்தான் அது இருந்தது. முதலில் 1996-இல் தாவர ஆர்வலர்கள் சிலர் கண்ணில் பட்டது. அது தனி இனம் என்று அறிவியல் முறைப்படி விவரித்துப் பெயர் வைத்தது 2008-இல். இடைப்பட்ட காலத்தில் சுரங்கம் பெரும்பகுதி முகட்டைத் தின்றுவிட்டது. மிச்சம் இருந்த துண்டும் சுரங்கத் திட்டத்துக்குள் இருந்தது. நீதிமன்ற வழக்குகள், போராட்டங்கள் எல்லாம் நடந்தபின் 2006-இல் அமைச்சர்கள் அனுமதி கொடுத்தார்கள்: நத்தைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டுத் தோண்டலாம்.

பொறுக்கினார்கள். சுமார் 6,000 நத்தைகள் கிடைத்தன. எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். புல்லும் புதருமாக மண்ணைப் பாளம் பாளமாகப் பெயர்த்து வேறு முகட்டில் கொண்டுபோய்ப் பதித்தார்கள். சுமார் 4,000 நத்தைகளைப் புதிய இடங்களில் விட்டார்கள். மிச்சத்தை ஹோகிடிகா என்ற ஊரில் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை குளிரறைகளில் டப்பாக்களில் வைத்து வளர்த்தது, மலைமுகட்டின் குளிர் அந்த நத்தைக்கு வேண்டும் என்பதால். 2011-இல் ஒரு நீண்ட வார விடுமுறையில் குளிரறை ஒன்றின் வெப்பமானி பழுதாகி, வெப்பம் பூஜ்யத்துக்கு இறங்கியது. சுமார் 800 நத்தைகள் உறைந்து செத்தன. உலகில் அந்த இனத்தில் எஞ்சியிருந்ததில் கணிசமான பங்கு, ஒரு சின்னக் கருவியின் கோளாறில் போனது.

அங்கே வேலை செய்தவர்கள் அக்கறையற்றவர்கள் அல்ல. வளர்ப்பில் முட்டையிட வைத்தார்கள், குஞ்சுகளை வளர்த்தார்கள், ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார்கள். ஆனால் கேள்வி அவர்கள் கைக்கு வந்தபோது தேர்வு எதுவும் மிஞ்சவில்லை. நிலக்கரி இருக்கும் இடத்தை மாற்ற முடியாது என்பது நியாயமான வாதம், டென்னிஸ் அரங்கை மாற்றுவதுபோல் அது எளிதல்ல. ஆனாலும் நத்தை தனி இனம் என்பது சுரங்கத் திட்டம் வரைவதற்கு முன் தெரிந்திருந்தால் முகட்டின் ஒரு பாதியாவது தப்பியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

மணித்தவளை விஷயத்திலும் இடமாற்றத்துக்கு நல்ல பெயர் இல்லை. வளர்ப்பில் பொரித்த தலைப்பிரட்டைகளை சிட்னியின் வேறு சில பகுதிகளில் புதிதாக வெட்டிய குட்டைகளில் விட்டுப் பார்த்தார்கள். அங்கெல்லாம் கூட்டம் நிலைக்கவில்லை. தவளை இன்றுவரை இருக்கும் இடங்களில் பல, அது தானாகவே தேர்ந்தெடுத்த பழைய ஆலை மனைகளும் குழிகளும்தான்.

குழியை விட்டால் மட்டும் போதுமா

போதாது. குழியைத் தொடாமல் விட்டாலும் சுற்றிலும் சாலை, அரங்கம், வாகன நிறுத்தம், விளக்குக் கம்பங்கள், லட்சக்கணக்கான ஆட்கள் வரப்போகிறார்கள். தவளை ஒரே குட்டையில் அடைந்து கிடக்கும் உயிர் அல்ல. மழை இரவுகளில் வெகுதூரம் நடமாடும். ஒரு குட்டை வற்றினால் இன்னொன்றைத் தேடிப் போகும். நான்கு பக்கமும் தார்ச்சாலை போட்டுவிட்டு நடுவில் ஒரு பள்ளத்தைக் காப்பாற்றினால், பத்து ஆண்டில் அது வெறும் பள்ளம் ஆகிவிடும்.

எனவே ஒலிம்பிக் பூங்காவின் திட்டத்திலேயே தவளைக்குப் புதிய குட்டைகள் சேர்க்கப்பட்டன. குப்பை மேட்டை மண் போட்டு மூடி உருவாக்கிய க்ரோனோஸ் குன்றின் அடிவாரத்திலும், நாராவாங் ஈரநிலத்திலும் குட்டைகள் வெட்டினார்கள். செங்கல் குழியிலிருந்து அங்கே தவளை போய்ச்சேரப் புல்லும் கோரையும் கொண்ட வழி விட்டார்கள். சாலை குறுக்கிடும் இடங்களில் தாழ்வான வேலி போட்டு, வேலியோரமாக வரும் தவளை சாலைக்கு அடியில் உள்ள சிறு சுரங்கப்பாதைக்குள் நுழையும்படி அமைத்தார்கள். வேலை நடந்தபோது இயந்திரங்கள் புழங்கிய பகுதிக்குள் தவளை நுழையாதபடியும் தடுப்பு வேலிகள் வைத்தார்கள்.

இந்தத் தவளை வேலி என்பது சாதாரணப் பொருள்தான். முழங்கால் உயரத்துக்கு வழுக்கலான தகடோ கெட்டித் துணியோ. அடிப்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் நுழைந்துவிடும். மேல் விளிம்பு வெளிப்புறம் வளைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏறிவிடும், ஏனென்றால் இது சுவரில் ஒட்டி ஏறக்கூடிய விரல் வட்டுகள் உள்ள குடும்பம். புல் வளர்ந்து வேலிமேல் சாய்ந்தால் அதுவே ஏணி. ஒரு லாரி இடித்து ஓர் அடி இடைவெளி விழுந்தால் வேலி இருந்தும் இல்லாத மாதிரி. ஆகவே வேலி போடுவதைவிட, அதைத் தினமும் சுற்றிவந்து பார்ப்பதற்கு ஓர் ஆளைப் பொறுப்பாக்குவதுதான் பெரிய வேலை. எந்தக் கட்டுமான மனையிலும் முதல் வாரம் வேலி கச்சிதமாக இருக்கும். ஆறாவது மாதம் போய்ப் பார்த்தால்தான் அந்த மனையின் யோக்கியதை தெரியும்.

பொக்லைன் ஓட்டுநரையும் மறக்கக் கூடாது. அறிக்கை எழுதுபவர் சூழலியலாளர், ஆனால் காலை ஏழு மணிக்கு மண்ணை முதலில் பார்ப்பவர் ஓட்டுநர். குவித்த கல்லுக்கு அடியில் தவளை இருந்தால் வேலையை நிறுத்து, இந்த எண்ணைக் கூப்பிடு என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்களா, நிறுத்தினால் அவர் கூலியில் கை வைக்க மாட்டார்கள் என்று உறுதி கொடுத்திருக்கிறார்களா? இந்த இரண்டும் இல்லாத இடத்தில் அறிக்கை எத்தனை பக்கம் இருந்தும் பயனில்லை.

பூங்காவுக்குள் தண்ணீருக்காகவும் ஒரு சமரசம் நடந்தது. மழைநீரையும் சுத்திகரித்த கழிவுநீரையும் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் திருப்பிவிடும் அமைப்பு 2000-இல் இயங்கத் தொடங்கியது. அதன் சேமிப்புக்கு செங்கல் குழியின் அடிப்பகுதியே தேர்ந்தெடுக்கப்பட்டது. அதாவது அரங்கிலிருந்து தப்பிய குழியின் ஒரு பகுதி நீர்த்தேக்கமாகப் போனது. இழந்ததற்கு ஈடாக மேல் படிகளில் தவளைக் குட்டைகள் அமைத்தார்கள். ‘குழியை அப்படியே காப்பாற்றினார்கள்’ என்று யாராவது சொன்னால் அது முழு உண்மை அல்ல. பெரிய ஆபத்தைத் தவிர்த்தார்கள், சின்ன இழப்பை ஏற்று ஈடுகட்டினார்கள். முதலில் தவிர், முடியாததைக் குறை, குறைக்க முடியாததைச் சீர்செய், கடைசியில்தான் ஈடு என்ற வரிசை இந்தத் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். நடைமுறையில் பலர் கடைசிப் படியிலிருந்தே தொடங்குகிறார்கள். இங்கே வரிசை ஓரளவு நேராக நடந்தது.

திட்டத்தில் இல்லாத எதிரி

1993-இல் ஹோம்புஷ் பேயில் திட்டம் போட்டவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. உலகெங்கும் தவளைகளைக் கொன்று குவித்துவந்த கைட்ரிட் பூஞ்சை அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. 1998-இல்தான் அது அடையாளம் தெரிந்தது, 1999-இல் பெயர் கிடைத்தது. தவளையின் தோலைத் தாக்கி, தோல் வழியாக நடக்கும் உப்பு, நீர்ப் பரிமாற்றத்தைக் கெடுத்துக் கொல்லும் நோய். மணித்தவளை மறைந்துபோனதில் வாழிட அழிப்போடும் கம்பூசியா மீனோடும் இந்தப் பூஞ்சைக்கும் பெரிய பங்கு இருந்தது.

அப்படியானால் ஆலைக் கழிவு நிறைந்த மனைகளில் மட்டும் இந்தத் தவளை ஏன் தாக்குப்பிடித்தது? உப்பு கலந்த நீரும், மண்ணில் இருந்த செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்களும் பூஞ்சையை அடக்கி வைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். உப்பைப் பொறுத்தவரை ஆய்வகச் சோதனைகளும் அதற்கு வலுச்சேர்க்கின்றன. இது சரியானால் விளைவு விசித்திரமானது: நிலத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று நல்ல எண்ணத்தோடு கழுவித் துடைத்தால், தவளையைக் காத்துவந்த கவசத்தையே கழற்றிவிட்டவர்கள் ஆவோம். முதல் நாள் எழுதிய திட்டத்தைக் கல்லில் செதுக்காமல், ஆண்டுதோறும் திருத்த இடம் வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பூஞ்சை தெரிந்த பின் நடைமுறை மாறியது. ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஆய்வாளர் பூட்ஸையும் வலையையும் கிருமிநாசினியில் கழுவ வேண்டும். ஒரு தவளையைத் தொட்ட கையுறையோடு அடுத்ததைத் தொடக் கூடாது. காப்பாற்றப் போகிறவரின் கால் வழியாகவே நோய் போகும் என்றால் வேறு வழி இல்லை.

இன்னொரு எதிரி பழையவர். கொசுப் புழுவைத் தின்னும் என்று 1920-களில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்த கம்பூசியா மீன், தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் விடுவதில்லை. வெள்ளம் வந்தால் ஓடை வழியாகக் குட்டைக்குள் நுழைந்துவிடும். அதனால் புதிய குட்டைகளை வேண்டும்போது வற்ற வைக்கும்படி அமைத்தார்கள். தண்ணீரை வடித்து, சேறு காய்ந்து, மீன் முழுக்கச் செத்த பிறகு மறுபடி நிரப்புவார்கள். ஒரு பெண் தவளை ஒரு முறையில் ஆயிரக்கணக்கான முட்டையிடும். மீன் இல்லாத ஒரு நல்ல பருவம் கிடைத்தால் இழப்பை ஈடுகட்டிவிடும்.

இப்போது எப்படி இருக்கிறது

செங்கல் குழிமேல் 2005-இல் ஒரு வட்டப் பாலம் திறந்தார்கள். சுற்றளவு 550 மீட்டர், தரையிலிருந்து உயரம் 18.5 மீட்டர். ஆட்கள் குழிக்குள் இறங்காமல் மேலிருந்தே பார்க்கலாம். மக்களை வெளியேற்றாமல், தவளைக்கும் தொந்தரவு கொடுக்காமல் இரண்டையும் சேர்த்து வைத்த நல்ல வடிவமைப்பு இது. குழியில் அரங்கு வந்திருந்தால் ஒரு டென்னிஸ் போட்டிக்கு வந்து போயிருப்பார்கள்.

தவளைக் கூட்டம் ஒலிம்பிக் பூங்காவில் தொடர்கிறது. எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குகிறது, மழை குறைந்த ஆண்டில் ஒரு மாதிரி, நிறைந்த ஆண்டில் வேறு மாதிரி. இதை வெற்றி என்று சொல்லலாமா? சொல்லலாம், ஒரு நிபந்தனையோடு. மனிதர் விலகினால் தானாக நிற்கும் கூட்டம் அல்ல இது. குட்டையை வற்ற வைக்க ஆள் வேண்டும், வேலியைப் பார்க்க ஆள் வேண்டும், கோரை அதிகமாகப் பரவினால் வெட்ட ஆள் வேண்டும், எண்ண ஆள் வேண்டும். ஒலிம்பிக் 2000-இல் பதினைந்து சொச்ச நாட்களில் முடிந்துவிட்டது. தவளைக்கான செலவுக் கணக்கு இன்னும் மூடவில்லை. கட்டுமான நிதியிலிருந்து ஒரு முறை கொடுத்துக் கைகழுவும் பணத்தில் இது நடக்காது. பூங்காவை நிரந்தரமாக நிர்வகிக்க ஓர் அமைப்பு இருந்ததால், சட்டமும் அதற்குப் பின்னால் இருந்ததால், இங்கே நடக்கிறது. தனியார் அடுக்குமாடித் திட்டம் ஒன்றில் வீடுகளை விற்ற மறுநாள் பில்டர் போய்விட்டால் அந்தக் குட்டை யார் பொறுப்பு என்ற கேள்வியை அனுமதி கொடுக்கும்போதே கேட்டாக வேண்டும். இதைத்தான் நான் பார்த்த பல சூழல் அறிக்கைகள் ஒரே வரியில் தாண்டிப் போகின்றன.

கோடையில் நல்ல மழை பெய்த இரவுகளில் பூட்ஸ் கழுவிய ஆட்கள் டார்ச்சோடு நாராவாங் குட்டைகளுக்கு இறங்குகிறார்கள். பிடித்த தவளையை எடைபோட்டு, நீளம் அளந்து, தோலுக்கடியில் அரிசி அளவு அடையாளச் சில்லு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால் எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் புதிய ஆள்.